பத்திரத்தைப் பார்க்க வக்கீல். சுவரைப் பார்க்க யார்?

சென்னை திருவொற்றியூர். 2021-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி. திங்கட்கிழமை.

அரசாங்கம் கட்டிக் கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பகுதி அப்படியே சரிந்து விழுந்தது. 24 வீடுகள் தரைமட்டமாயின. பாத்திரம், பண்டம், துணிமணி எல்லாம் இடிபாட்டுக்குள் புதைந்தன.

ஆனால், ஒரு உயிர்கூடப் போகவில்லை!

இது எப்படி நடந்தது? சுவரில் விரிசல் விட்டிருப்பதை அங்கே குடியிருந்தவர்கள் பார்த்தார்கள். ஆபத்து என்று உணர்ந்தார்கள். பிள்ளை குட்டிகளுடன் வெளியேறினார்கள். அதன் பிறகுதான் கட்டிடம் விழுந்தது.

கட்டிடம் திடீரென்று கெடுவது இல்லை. கெடும்போது அடையாளம் காட்டும். விரிசல் ஒரு அடையாளம். ஈரம் ஒரு அடையாளம். துருக் கறை ஒரு அடையாளம். குடியிருப்பவர் அதைத் தினமும் பார்க்கிறார். அதனால் தெரிந்துகொள்கிறார்.

புதிதாக வீடு வாங்குகிறவர் நிலை வேறு. அவர் அந்த வீட்டை இரண்டு தடவை பார்ப்பார். மூன்று தடவை பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். அப்போது சுவரில் புதுச் சுண்ணாம்பு மணக்கும். அடையாளம் எல்லாம் அந்தச் சுண்ணாம்புக்கு அடியில் இருக்கும்.

அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் யார்? அவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மாட்டுச் சந்தையில்...

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் தனியாகப் போவது இல்லை. மாடு பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார்.

அந்த ஆள் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். மடியைத் தொட்டுப் பார்ப்பார். நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார். அதன் பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுவார்கள்.

மாட்டுக்கு இவ்வளவு சோதனை. 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு?

வீட்டுக்கும் சோதனை நடக்கத்தான் செய்கிறது. வக்கீல் வருகிறார். தாய்ப் பத்திரம் கேட்கிறார். பட்டா கேட்கிறார். வில்லங்கச் சான்று கேட்கிறார். சோதிடர் வருகிறார். வாசல் எந்தத் திசை, சமையல் அறை எந்த மூலை என்று பார்க்கிறார். உறவினர்கள் வருகிறார்கள். பஸ் நிலையம் எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று விசாரிக்கிறார்கள்.

எல்லோரும் வருகிறார்கள். கட்டிடம் தெரிந்த என்ஜினீயர் மட்டும் வருவது இல்லை!

பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். தூணில் வில்லங்கம் இருந்தால் எங்கே போவது? ஆயுள் முழுவதும் சேர்த்த பணம் அந்தச் சுவருக்குள் இருக்கிறது. சுவருக்குக் கீழே பிள்ளைகள் படுத்துத் தூங்குகிறார்கள்.

யார் யாருடைய ஆள்?

"பார்க்க ஆள் இல்லையா? அதுதான் மூன்று பேர் பார்த்தார்களே" என்று சிலர் சொல்வது உண்டு. தரகர் பார்த்தார். கட்டியவரின் என்ஜினீயர் பார்த்தார். பாங்கியில் இருந்து மதிப்பீட்டாளர் வந்து பார்த்தார்.

உண்மைதான். மூன்று பேரும் பார்த்தார்கள். ஆனால், யாருக்காகப் பார்த்தார்கள்?

தரகருக்கு வீடு கைமாறினால்தான் கமிஷன். மாறாவிட்டால் ஒன்றும் இல்லை. நல்ல தரகர்கள் பலர் இருக்கிறார்கள். என்றாலும், "இந்த வீடு வேண்டாம்" என்று சொல்வதற்கு எந்தத் தரகருக்கும் கூலி கிடையாது.

கட்டியவரின் என்ஜினீயர் கட்டியவரிடம் சம்பளம் வாங்குகிறார். அவர் தன் வேலையில் தானே குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அல்ல.

பாங்கி மதிப்பீட்டாளர் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "பாங்கியே கடன் கொடுத்துவிட்டது. வீடு நன்றாகத்தான் இருக்கும்" என்று நினைக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டின் விலை 50 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் பாங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை உள்ள வீட்டுக் கடன், வீட்டு மதிப்பில் நூற்றுக்கு 80-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே பாங்கி அதிகமாகப் போனால் 40 லட்சம் ரூபாய் கொடுக்கும். மீதி 10 லட்சம் ரூபாய் குடும்பத்தின் சொந்தப் பணம். நகையை விற்ற பணம். சேமநிதிப் பணம். சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம்.

வாங்கிய பிறகு வீட்டில் 8 லட்சம் ரூபாய்க்குப் பழுது தெரிகிறது. வீட்டின் உண்மையான மதிப்பு 42 லட்சம் ரூபாயாகக் குறைந்துவிட்டது. இப்போது பாங்கிக்கு நஷ்டம் உண்டா? இல்லை. அது கொடுத்த 40 லட்சத்துக்கு ஈடு இன்னும் இருக்கிறது. முழு நஷ்டமும் குடும்பத்தின் தலையில்.

பாங்கி தன் பணத்துக்குக் காவல் வைத்திருக்கிறது. அது தப்பு அல்ல. ஆனால், அந்தக் காவல் பாங்கிக்கு உரியது. குடும்பத்தின் பணத்துக்குக் குடும்பம்தான் காவல் வைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இரண்டு விதமாகப் பேசுகிறது. பழைய வீட்டுக்கு ஒரு விதம். கட்டியவரிடம் வாங்கும் புது வீட்டுக்கு வேறு விதம்.

பழைய வீட்டுக்கு 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் இருக்கிறது. அதில் 55-வது பிரிவு விற்பவரின் கடமையைச் சொல்கிறது. வீட்டில் உள்ள பெரிய குறையை விற்பவர் மறைக்கக் கூடாது. ஆனால், எந்தக் குறையை? விற்பவருக்குத் தெரிந்து, வாங்குகிறவருக்குத் தெரியாமல், அவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறையை!

இந்தக் கடைசி வரி முக்கியமானது. கவனித்துப் பார்த்தால் தெரியக்கூடிய குறைக்கு, வாங்குகிறவர்தான் பொறுப்பு. கூரையில் ஈரம் கசிந்திருந்தது, அதைப் பார்க்கவில்லை என்றால், பிறகு விற்றவரைக் குற்றம் சொல்வது கடினம்.

புது வீடு வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு அதிகம். 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. "ரெரா" என்று பேப்பரில் வருவது இதுதான். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலும், வீடுகள் 8-க்கு மேலும் இருந்தால், அந்தத் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். எழுத்து மூலம் ஒப்பந்தம் போடாமல் விலையில் நூற்றுக்கு 10-க்கு மேல் அட்வான்சு வாங்கக் கூடாது.

இந்தச் சட்டத்தின் 14-வது பிரிவு ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. வீட்டை ஒப்படைத்த நாளில் இருந்து 5 ஆண்டுக்குள், கட்டுமானத்திலோ, வேலைத் தரத்திலோ குறை இருப்பதை எடுத்துக் காட்டினால், கட்டியவர் அதை 30 நாளில் சரி செய்து கொடுக்க வேண்டும். அதற்குத் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. செய்யாவிட்டால் வாங்கியவருக்கு நஷ்டஈடு உண்டு.

நல்ல சட்டம். ஆனால், ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். "எடுத்துக் காட்டினால்" என்பதே அந்தச் சொல். குறையைக் கண்டுபிடித்து, 5 ஆண்டுக்குள் சொல்ல வேண்டியது வாங்கியவர் வேலை. வீட்டுக்காரருக்கே தெரியாத குறையைச் சட்டம் வந்து தேடாது. ஆறாவது ஆண்டில் தெரிந்தால் இந்தப் பிரிவு கைகொடுக்காது.

ஆக, பழைய வீடானாலும் புது வீடானாலும் சட்டம் ஒன்றைத்தான் கேட்கிறது: "நீ பார்த்தாயா?"

கண்ணுக்குத் தெரியாத நோய்

எல்லாக் குறையும் சுண்ணாம்பின் மேல் தெரிவது இல்லை. டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள குருகிராமில் நடந்தது இதற்குச் சாட்சி.

அங்கே 18 மாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. பார்க்க அழகாக இருந்தது. வசதியான குடும்பங்கள் குடியிருந்தன. 2022-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி, ஆறாவது மாடி வீட்டின் தளம் உடைந்தது. அது கீழே இருந்த தளத்தின் மேல் விழுந்தது. அதுவும் உடைந்தது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக முதல் மாடி வரை விழுந்தன. இரண்டு பெண்கள் இறந்தார்கள்.

டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் சோதித்தார்கள். கான்கிரீட்டில் உப்புச் சத்து அதிகம் இருந்தது தெரிந்தது.

உப்பு என்ன செய்யும்? கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. உப்பு சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி ஊதிப் பெருக்கும். பெருக்கும்போது சுற்றி உள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். வெளியே பூச்சு பூசியிருப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. கடல் ஓரத்தில் உள்ள ஊர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். கடற்காற்றே உப்பைக் கொண்டு வருகிறது.

சென்னைக்கு அருகே மவுலிவாக்கத்தில் 2014-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி நடந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு வேலை செய்ய வந்த தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற மற்றொரு கட்டிடத்தை அரசாங்கமே 2016-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துத் தகர்த்தது. அங்கே வீடு வாங்கப் பணம் கட்டியிருந்தவர்கள் பரிதவித்தார்கள்.

2021-ம் ஆண்டு சென்னை புளியந்தோப்பில் அரசாங்கம் கட்டிய குடியிருப்பில், கையால் தொட்டாலே பூச்சு உதிர்கிறது என்று மக்கள் காட்டினார்கள். அரசாங்கம் என்ன செய்தது? கட்டிய காண்டிராக்டரையே கூப்பிட்டு, "வேலை நன்றாக இருக்கிறதா?" என்று கேட்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களிடம் சோதனையை ஒப்படைத்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கட்டியவர் ஒருவர். சோதிப்பவர் வேறு ஒருவர். அரசாங்கத்துக்குப் பொருந்தும் இந்த நியாயம், ஒரு குமாஸ்தாவின் குடும்பத்துக்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர், தன் செலவில் ஒரு வீட்டு ஆய்வாளரை அமர்த்துவது நெடுநாள் வழக்கம். அவர் கூரையில் இருந்து கழிவுக் குழாய் வரை பார்ப்பார். பார்த்ததை எழுதிக் கொடுப்பார். 1976-ம் ஆண்டிலேயே அந்தத் தொழிலில் உள்ளவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்தத் தொழிலுக்கு லைசென்சு வேண்டும்.

அந்தச் சங்கத்தின் விதிகளில் ஒன்று நம் ஊருக்கும் பொருந்தும். ஒரு வீட்டில் குறை கண்டுபிடித்த ஆய்வாளர், தான் பார்த்த பாகங்களைத் தானே பணம் வாங்கிக்கொண்டு ஓர் ஆண்டுக்குப் பழுது பார்க்கக் கூடாது. ஏன்? பழுது பார்க்கும் வேலை தனக்கே கிடைக்கும் என்றால், இல்லாத பழுதும் கண்ணுக்குத் தெரியும் அல்லவா?

இவ்வளவு பழக்கம் உள்ள அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் தடுமாற்றம் வந்தது. கொரோனா வந்த பிறகு, 2020-ம் ஆண்டு முதல் 2022-ம் ஆண்டு வரை, அங்கே வீட்டுக்குக் கடும் போட்டி. ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் வந்தார்கள். எப்படியாவது வீடு கிடைக்க வேண்டும் என்று பலர், "எனக்குச் சோதனையே வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். சோதனை வேண்டும் என்று கேட்டவருக்கு வீடு கிடைக்கவில்லை.

இதைத் தடுக்க மாசசூசெட்ஸ் மாநிலம் 2024-ம் ஆண்டு சட்டம் செய்தது. அந்த விதி 2025-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி அமுலுக்கு வந்தது. சோதனையைக் கைவிட்டால்தான் வீடு தருவேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. சோதனை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும் ஆளை அதற்காக ஏற்கவும் கூடாது.

வாங்குகிறவர் விரும்பினால் சோதிக்காமல் இருக்கலாம். ஆனால், விற்பவர் அவரை நெருக்கக் கூடாது. இதுதான் அந்தச் சட்டத்தின் சாரம்.

நம் நாட்டில் வீட்டு ஆய்வாளர் தொழிலுக்குத் தனி லைசென்சு கிடையாது. சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் இந்த வேலையைச் செய்யும் நிறுவனங்கள் வந்துவிட்டன. தனியாகச் செய்யும் என்ஜினீயர்களும் இருக்கிறார்கள். ஆனால், யார் வேண்டுமானாலும் "வீட்டு ஆய்வாளர்" என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம். அதனால்தான் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

ஆறு கேள்விகள்

ஆய்வாளரை அமர்த்தும் முன்பு ஆறு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: அவரை யார் அனுப்பினார்கள்? விற்பவரோ, தரகரோ, கட்டியவரோ சிபாரிசு செய்த ஆளாக இருந்தால் வேண்டாம். "நமக்குத் தெரிந்த பையன், நல்லா பார்ப்பான்" என்று தரகர் சொன்னால், அந்தப் பையனுக்கு அடுத்த வேலையும் தரகர்தான் கொடுப்பார் என்பதை நினைவில் வைக்க வேண்டும். முன்பு வீடு சோதித்தவர்களிடம் விசாரித்துத் தேடுவது நல்லது.

இரண்டாவது கேள்வி: அவர் என்ன படித்தவர்? சிவில் என்ஜினீயரா? எத்தனை வீடு சோதித்திருக்கிறார்? தூண், தளம் இவற்றில் சந்தேகம் வந்தால், அந்தப் பாகத்தைச் சொல்லத் தகுதி உள்ளவர் கட்டமைப்பு என்ஜினீயர் ஒருவரே. அவர் சி.எம்.டி.ஏ.விலோ, உள்ளூர் அமைப்பிலோ பதிவு செய்தவரா என்று கேட்கலாம். அனுபவம் உள்ள மேஸ்திரியின் கண் கூர்மையானது. பூச்சையும் ஈரத்தையும் அவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஆனால், கம்பிக் கணக்கு அவர் வேலை அல்ல.

மூன்றாவது கேள்வி: பழுது பார்க்கும் வேலையும் செய்கிறாரா? நீர்க்கசிவுக்கு மருந்து அடிக்கும் கம்பெனிகள், "இலவசச் சோதனை" என்று விளம்பரம் செய்வது உண்டு. இலவசமாக வந்தவர் சும்மா திரும்பிப் போவாரா? சோதிப்பவர் ஒருவர், பழுது பார்ப்பவர் வேறு ஒருவர் என்று இருப்பதே நல்லது.

நாலாவது கேள்வி: எழுதிக் கொடுப்பாரா? வாயால் சொல்வது காற்றோடு போகும். எந்த அறை, எந்தச் சுவர், என்ன குறை, எவ்வளவு அவசரம் என்று படத்துடன் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அவர் முன்பு எழுதிய அறிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். படித்தால் விளங்குகிறதா? எல்லா வீட்டுக்கும் ஒரே பாட்டையே பாடியிருக்கிறாரா? இரண்டு பக்கத்தில் தெரிந்துவிடும்.

ஐந்தாவது கேள்வி: எதைப் பார்க்க மாட்டார்? இது பலருக்குத் தோன்றாத கேள்வி. ஆய்வாளர் சுவரை உடைத்துப் பார்க்க முடியாது. அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க முடியாது. கண்ணால் பார்ப்பதையும், சில கருவிகளால் அறிவதையும்தான் சொல்வார். நேர்மையானவர் இதை முதலிலேயே சொல்லிவிடுவார். "எல்லாவற்றுக்கும் நான் கியாரண்டி" என்று சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆறாவது கேள்வி: வாங்குகிறவர் கூடவே வரலாமா? வரலாம் என்பவரே நல்லவர். கணவன், மனைவி இருவரும் கூடப் போக வேண்டும். அறிக்கையில் பத்து வரி படிப்பதைவிட, அந்த இடத்தில் நின்று ஒரு தடவை பார்ப்பது நன்றாக மனதில் பதியும்.

நல்ல ஆய்வாளரின் கை

வேலை தெரிந்தவரை அவர் கையே காட்டிக் கொடுக்கும். அவர் முதலில் வரவேற்பு அறைக்குப் போக மாட்டார். மொட்டை மாடிக்குப் போவார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்ப்பார். பிறகு கீழே வந்து, நேர் கீழே உள்ள கூரையைப் பார்ப்பார்.

தரைக் கல்லைத் தட்டிப் பார்ப்பார். அடியில் கலவை சரியாக இல்லாவிட்டால், பானையைத் தட்டுவதுபோல வெற்றுச் சத்தம் வரும். குளியல் அறைக்கு மறுபக்கம் உள்ள சுவரில் ஈரமானியை வைப்பார். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தை அது காட்டும். ரசமட்டம் வைத்துத் தளம் பார்ப்பார். தூக்குக் குண்டு விட்டுச் சுவர் பார்ப்பார்.

எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவார். தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது, எவ்வளவு வேகமாக வடிகிறது என்று பார்ப்பார். மின்சாரப் பெட்டியைத் திறந்து, எர்த் கம்பி இருக்கிறதா, மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்சு இருக்கிறதா என்று சோதிப்பார். ஒரு குழந்தையின் உயிர் அந்தச் சுவிட்சில் இருக்கிறது.

விரிசல் எல்லாம் ஒரே ஜாதி அல்ல என்பதை அவர் அறிவார். பூச்சின் மேல் தலைமுடி போல ஓடும் விரிசல் பெரிய ஆபத்து அல்ல. ஜன்னல் மூலையில் இருந்து படிக்கட்டுப்போல ஏறும் விரிசல் கவனிக்க வேண்டியது. அஸ்திவாரம் இறங்குவதை அது காட்டலாம். தூணிலோ உத்தரத்திலோ நீளவாக்கில் விரிசல், அதில் துருக் கறை இருந்தால், அங்கே நின்றுவிட வேண்டும். கட்டமைப்பு என்ஜினீயர் வராமல் மேலே பேசக் கூடாது.

சந்தேகம் வந்த இடத்தில் கருவிச் சோதனை உண்டு. ஒரு சிறிய சுத்தியல் போன்ற கருவி, கான்கிரீட்டில் பட்டு எவ்வளவு தூரம் பின்வாங்குகிறது என்பதைக் கொண்டு அதன் மேல்பரப்பு உறுதியைச் சொல்லும். மற்றொரு கருவி ஒலி அலையை உள்ளே அனுப்பி, நடுவில் பொந்து இருக்கிறதா என்று சொல்லும். உப்புச் சோதனைக்குக் கான்கிரீட்டில் கொஞ்சம் துளைத்து எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். இதற்கு வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும்.

மழைக்காலத்தில் பார்ப்பது இன்னும் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வீடு பொய் சொல்லாது! 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்திலும், 2023-ம் ஆண்டு டிசம்பர் புயல் மழையிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்கலாம். எதிர்க் கடையில் கேட்கலாம். இதற்கு என்ஜினீயர் தேவை இல்லை.

எப்போது பார்ப்பது?

காலம் தவறினால் சோதனை வீண்.

பழைய வீட்டுக்கு, அட்வான்சு கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டும். அது முடியாவிட்டால், கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். "சோதனையில் பெரிய குறை தெரிந்தால் அட்வான்சைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்" என்பதே அந்த வரி. வக்கீல் அதை முறைப்படி எழுதிக் கொடுப்பார்.

புது வீட்டுக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும். சாவி வாங்கிக் கையெழுத்துப் போடும் முன்பு ஒரு தடவை. 5 ஆண்டு முடிவதற்குச் சில மாதங்கள் முன்பு இன்னொரு தடவை. இரண்டாவது சோதனையைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஒப்படைத்த தேதியைப் பத்திரத்தோடு எழுதி வைத்தால் மறக்காது. அடுக்குமாடியில் உள்ளவர்கள் சங்கம் மூலமாகச் சேர்ந்து செய்தால், ஒவ்வொருவருக்கும் செலவு குறையும். பொதுவான தூணும் மாடியும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே சோதனையில் முடியும். குறையை எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கி வைக்க வேண்டும்.

விற்பவர், "சோதனை எல்லாம் கூடாது. இஷ்டம் இருந்தால் வாங்கு. வெளியே பத்துப் பேர் நிற்கிறார்கள்" என்று சொன்னால்? அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கு அந்த வீட்டை விட்டுவிடுவதே மேல்.

செலவுக் கணக்கு

"இதற்கு வேறு செலவா?" என்று கேட்பவர் உண்டு. ஆய்வாளர்கள் பெரும்பாலும் வீட்டின் பரப்பை வைத்துக் கட்டணம் கேட்கிறார்கள். கருவிச் சோதனைக்குத் தனிக் கட்டணம். இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து, எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

தரகருக்கு நூற்றுக்கு ஒன்று கமிஷன் என்றால்கூட, 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 50 ஆயிரம் ரூபாய் ஆகிறது. வீட்டைக் காட்டியவருக்கு அவ்வளவு கொடுக்கும் குடும்பம், வீட்டின் குறையைக் காட்டுபவருக்குக் கொடுக்கத் தயங்க வேண்டுமா?

குறை தெரிந்தால் வீட்டை விட்டே ஓட வேண்டும் என்பது இல்லை. குறை இல்லாத வீடும் இல்லை. ஒன்று, விற்பவரையே சரி செய்து தரச் சொல்லலாம். அல்லது பழுதுக்கு ஆகும் பணத்தை விலையில் குறைக்கச் சொல்லலாம். அல்லது அந்தச் செலவுக்குத் தயாராகி வாங்கலாம். தெரிந்து வாங்கிய குறை கணக்கில் இருக்கும். தெரியாமல் வாங்கிய குறைதான் குடும்பத்தை உலுக்கும்.

அரசாங்கம் செய்யக்கூடியது

மருந்துக் கடைக்கு லைசென்சு உண்டு. வாடகைக் கார் ஓட்டவும் லைசென்சு உண்டு. ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பையும் பார்த்து, "வாங்கலாம்" என்று சொல்பவருக்கும் ஒரு தகுதி, ஒரு பதிவு, ஒரு ஒழுங்கு விதி வேண்டாமா? தப்பாகச் சொன்னால் யாரிடம் முறையிடுவது என்று மக்களுக்குத் தெரிய வேண்டாமா?

மாசசூசெட்ஸ் செய்ததைப்போல, வாங்குகிறவர் கேட்டால் சோதனைக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி செய்யலாம். ரெரா ஆணையங்கள் கட்டுபவர்களின் பட்டியலை வைத்திருக்கின்றன. அதே இடத்தில் தகுதி உள்ள ஆய்வாளர்களின் பட்டியலும் இருந்தால், கும்பகோணத்தில் வீடு வாங்கும் ஆசிரியரும், திருப்பூரில் வீடு வாங்கும் பனியன் தொழிலாளியும் யாரைக் கூப்பிடுவது என்று திகைக்க மாட்டார்கள்.

அந்த நாள் வரும் வரை, பொறுப்பு வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியவர்கள். இன்று பலர் வீட்டைக் கட்டுவது இல்லை. கட்டிய வீட்டை வாங்குகிறார்கள். கட்டும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று செங்கல்லை எண்ணினார். மணலை அள்ளிப் பார்த்தார். சிமெண்டு மூட்டையைக் கணக்குப் பார்த்தார். வாங்கும்போது அந்த வாய்ப்பு இல்லை. அன்று அவர் பார்த்த வேலையை, இன்று அவருக்காக ஒருவர் பார்க்க வேண்டும்.

திருவொற்றியூரில் விரிசலைக் கண்டவர்கள் பிழைத்தார்கள். அவர்கள் என்ஜினீயர்கள் அல்ல. சாதாரண ஏழை எளிய மக்கள். கட்டிடம் காட்டிய அடையாளத்தை மதித்தார்கள், அவ்வளவுதான்.

வாங்கப் போகும் வீட்டிலும் ஏதாவது ஒரு அடையாளம் இருக்கலாம். சாவி கைக்கு வரும் முன்பு, வாங்குகிறவரிடம் மட்டும் கூலி வாங்கும் ஒரு ஆள் அதைப் பார்த்துவிட வேண்டும்.